குனு யூனிட்ஸ்: எச்பிய பிடியுவா மாத்த நான் இப்ப நம்புறது இத மட்டும்தான்

மோட்டார் எச்பில, அதாவது குதிரைத்திறன்ல இருக்கும், ஏசி டன்லயோ பிடியுலயோ (சூட்ட அளக்குற பிரிட்டிஷ் யூனிட், ஏசில அது மணிக்கு இவ்ளோன்னு கணக்கு) இருக்கும், ஹீட்டர் கிலோவாட்ல, பழைய பாய்லர் பேப்பர எடுத்தா கிலோகலோரி பெர் அவர்னு போட்டிருக்கும். எல்லாம் ஒரே விஷயம்தான், இவ்ளோ நேரத்துக்கு இவ்ளோ எனர்ஜி போகுதுங்கறது, ஆனா ஒண்ணுலேந்து இன்னொண்ணுக்கு மாத்தும்போதுதான் எல்லாரும் மாட்டிக்கறோம், நானும் மாட்டியிருக்கேன்.

முன்னாடி போன்ல ஒரு கன்வெர்டர் ஆப் வச்சிருந்தேன், பேரு வேணாம். ஒரு மெஷின் ரூமுக்கு ஹீட் லோட், அதாவது ஏசி வெளிய எடுக்க வேண்டிய சூடு எவ்ளோன்னு போட 10 எச்பிய பிடியுவா மாத்துனேன், 424னு வந்துச்சு. லிஸ்ட்ல வெறும் பிடியுன்னுதான் இருந்துச்சு, நானும் மணிக்குன்னு நெனச்சு எழுதிட்டேன். அது நிமிஷத்துக்கு! மணிக்கு 25,444 வரணும், அறுபது மடங்கு கம்மியா போட்டு வச்சிருக்கேன். கூட வேலை பாக்குற அண்ணன் ஷீட்ட பாத்துட்டு "தம்பி, பத்து எச்பி மோட்டாருக்கு இவ்ளோதான் சூடா?"ன்னு கேட்டாரு, அதனாலதான் தப்பிச்சேன், இல்லன்னா அந்த கணக்க வச்சே ஏசி ஆர்டர் போயிருக்கும். அவருதான் இந்த குனு யூனிட்ஸ காட்டுனாரு.

இது இலவசம், ஓப்பன் சோர்ஸ், டெர்மினல்ல, அதாவது கமாண்ட் டைப் பண்ற விண்டோல ஓடுற குட்டி புரோகிராம். பட்டன், கலர்னு எதுவும் கிடையாது. உன்கிட்ட என்ன இருக்கு, உனக்கு என்ன வேணும்னு ரெண்டே கேள்வி கேக்கும். 1 எச்பின்னு குடுத்து பிடியு பெர் அவர் கேட்டா 2544.4336னு சொல்லும், கீழயே தலைகீழ் கணக்கையும் குடுத்துடும். ஆனா எனக்கு இது பிடிச்சதுக்கு காரணம் வேற. எச்பி குடுத்துட்டு வெறும் பிடியு கேட்டு பாருங்க, பதில் சொல்லாது! கன்ஃபார்மபிலிட்டி எரர்னு சொல்லிட்டு ரெண்டையும் அடிப்படை யூனிட்டா பிரிச்சு காட்டும், எச்பில கீழ செகண்ட் மூணு தடவ இருக்கும், பிடியுல ரெண்டு தடவதான் இருக்கும். அதாவது ஒண்ணு பவர், இன்னொண்ணு எனர்ஜி, எவ்ளோ நேரத்துலன்னு நீ சொல்லாம நான் மாத்த மாட்டேன்னு நிக்குது பாருங்க, அந்த ஒரு எரர் மெசேஜ் எனக்கு அன்னிக்கு கிடைச்சிருந்தா அந்த 424 என் ஷீட்டுக்குள்ளயே வந்திருக்காது.

அடுத்து, எச்பின்னா எந்த எச்பி? சாதாரண மெக்கானிக்கல் எச்பி செகண்டுக்கு 550 அடி பவுண்டு (ஒரு பவுண்டு எடைய ஒரு அடி தூக்குற வேலைதான் ஒரு அடி பவுண்டு), அதாவது 745.7 வாட். மெட்ரிக் எச்பி செகண்டுக்கு 75 கிலோகிராம் ஃபோர்ஸ் மீட்டர், 735.5 வாட். எலெக்ட்ரிக் எச்பி சரியா 746. சின்ன மோட்டாருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, ஆனா 500 எச்பி இஞ்சின்ல மெக்கானிக்கலுக்கும் மெட்ரிக்குக்கும் நடுவுல 5 கிலோவாட் போயிடும். பெரிய ஆபத்து பாய்லர் எச்பி, அது ஒண்ணே 9809.5 வாட், சாதாரண எச்பிய விட 13 மடங்கு, மணிக்கு முப்பத்து நாலரை பவுண்டு தண்ணிய கொதிநிலைல ஆவியாக்குற சூட்ட வச்சு வந்த அளவு, குதிரைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. யூனிட்ஸ்ல இது எல்லாத்தையும் தனித்தனி பேர்ல வச்சிருக்காங்க, 250 வாட்டுக்கு கழுதை பவர்னு கூட ஒண்ணு இருக்கு. கலோரியும் அப்படித்தான், 4.184 ஜூல் ஒண்ணு, 4.1868 ஜூல் ஒண்ணு, அதனாலதான் ஒரு கிலோவாட்டுக்கு மணிக்கு 860.4 கிலோகலோரின்னு ஒரு புக்லயும் 859.8னு இன்னொண்ணுலயும் பாக்குறோம், ரெண்டுமே சரிதான்.

எல்லா யூனிட்டுக்கும் அளவு எழுதி வச்சிருக்கற டெஃபனிஷன் ஃபைல திறந்து படிக்கலாம், வெறும் டெக்ஸ்ட்தான், நான் ஒரு ராத்திரி முழுக்க உக்காந்து படிச்சேன். ஏசி டன் எங்கேந்து வந்துச்சுன்னு அதுலதான் புரிஞ்சுது. 2000 பவுண்டு தண்ணிய ஒரு நாள்ல ஐஸாக்க எவ்ளோ சூட்ட வெளிய எடுக்கணும், பவுண்டுக்கு 144 பிடியு, மொத்தம் 2,88,000, அத 24 மணி நேரத்தால வகுத்தா மணிக்கு 12,000 பிடியு, அதான் ஒரு டன். கிலோவாட்ல 3.517. அதே மாதிரி ஒரு பிடியுவ அடி பவுண்டுல கேட்டா 778.17னு வரும். ஜூல்ங்கற விஞ்ஞானி எடைய கீழ இறக்கி தண்ணிக்குள்ள துடுப்ப சுத்த விட்டு அளந்து 1850ல சொன்னது 772, ஒரு சதவீதத்துக்குள்ளதான் வித்தியாசம், அந்த காலத்து தெர்மாமீட்டர வச்சுகிட்டு! அந்த நம்பர் ஸ்க்ரீன்ல வரும்போது எனக்கு நெஜமாவே சிலிர்த்துச்சு.

இன்னொரு வசதி, கணக்க அப்படியே அடிக்கலாம். 10 எச்பி மோட்டார், எஃபிஷியன்சி 90 சதவீதம், மோட்டாரும் அது ஓட்டுற மெஷினும் ஒரே ரூம்ல இருந்தா உள்ள போற கரண்ட் மொத்தமும் கடைசில சூடாதான் ஆகும், அதனால 10 எச்பிய 0.9ஆல வகுத்து டன் கேட்டா 2.356 டன். ஆனா மோட்டார் மட்டும் ரூம்ல இருக்கு, ஓட்டுற மெஷின் வெளிய இருக்குன்னா அந்த பத்து சதவீத லாஸ் மட்டும்தான் நமக்கு, 0.236 டன். பத்துல ஒரு பங்கு! எது உங்க ரூம்னு யூனிட்ஸ் கண்டுபிடிச்சு தராது, அது நாமதான் யோசிக்கணும்.

குறைன்னு பாத்தா, வெறும் டன்னுன்னு அடிச்சா எடைன்னு எடுத்துக்கும், டன்ரெஃப்னு அடிக்கணும், எனக்கு அது தெரியவே கொஞ்ச நாள் ஆச்சு. வகுத்தல் கோட்டுக்கு அப்புறம் ஸ்பேஸ் விட்டு எழுதுற எல்லாமே கீழ போயிடும், அத ஞாபகம் வச்சுக்கணும். டெர்மினல் பக்கம் போகாதவங்களுக்கு மொதல்ல பயமா இருக்கும். மேக்ல இதே பேர்ல ஏற்கனவே ஒண்ணு இருந்தா அது வேற புரோகிராமா இருக்கலாம், குனு வேணும்னா தனியா போட்டுக்கோங்க. பேரு மறந்துட்டா ரெண்டாவது கேள்வில ஒரு கேள்விக்குறி அடிங்க, பொருந்துற யூனிட் எல்லாத்தையும் கொட்டிடும்.

கடைசியா எனக்கு ரொம்ப உதவுனது ஒண்ணு. சில நாடுகள்ல ஏசிய எச்பி கணக்குல விப்பாங்க, 1 எச்பின்னா சுமாரா 9000 பிடியு பெர் அவர். யூனிட்ஸ்ல மாத்துனா 2544தான் வருது, அப்ப எது பொய்? ரெண்டும் இல்ல. அந்த எச்பி கம்ப்ரெசர் இழுக்குற பவர ஒட்டி வந்த பேரு, 9000ங்கறது ரூம்லேந்து வெளிய எடுத்துட்டு போற சூடு, கம்ப்ரெசர் சூட்ட உண்டாக்கல, நகத்துது, அதனாலதான் மூணரை மடங்கு கூட வருது. ரெண்டும் வாட்லதான் இருக்குங்கறதால யூனிட்ஸ் இங்க எரர் காட்டாது, பேசாம மாத்திடும். அதுக்கு நான் ஹோம் ஃபோல்டர்ல எனக்குன்னு ஒரு யூனிட் ஃபைல் வச்சு ஏசிஎச்பின்னு தனியா ஒரு வரி எழுதிட்டேன், 9000 பிடியு பெர் அவர்னு. இப்ப 2 ஏசிஎச்பி குடுத்து டன் கேட்டா 1.5னு வருது.