‘100 ரூபாயில் 90 ரூபாய் நோயாளிகளுக்கே’ என்று போட்டிருந்தால், முதலில் கணக்கைக் கேட்டு வாங்குங்கள்

மருத்துவ உதவிக்காக மாதாமாதம் நன்கொடை கொடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு உதவுவதாகச் சொல்லும் ஒரு தொண்டு நிறுவனம் என்னையும் என்னைப் போன்ற பலரையும் ஏமாற்றியிருக்கிறது. புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணை இன்னும் முடியவில்லை, அதனால் பெயரைப் போடவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவர்கள் செய்தது எதுவும் புதிதல்ல. எல்லாமே பழகிய வழிகள், வேறு இடங்களிலும் நடந்தவை.

என் தங்கை கடைசிக் காலத்தில் டயாலிசிஸில் இருந்தாள். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். சிகிச்சைக்கு ஆகும் செலவும், அதைவிடப் போக்குவரத்துக்கும் ஊசிகளுக்கும் ஆகும் செலவும் எப்படி ஒரு குடும்பத்தைக் கரைக்கும் என்று கூடவே இருந்து பார்த்தவன் நான். அவள் போன பிறகு, வேறு யாருக்காவது ஒரு டயாலிசிஸாவது என் பணத்தில் நடக்கட்டும் என்று அந்த நிறுவனத்துக்கு மாதத் தொகை கட்ட ஆரம்பித்தேன். அவர்களுடைய கையேட்டின் பின்னட்டையில் ஒரு பெரிய வட்ட வரைபடம். அதில் 90 சதவீதம் பச்சை நிறத்தில், ‘நோயாளிகளுக்கு நேரடியாக’ என்று. கீழே சின்ன எழுத்தில் ‘தணிக்கை செய்யப்பட்டது’. பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும்.

சந்தேகம் வந்தது ஒரு புகைப்படத்தால். ஒரு வருடம் வந்த வேண்டுகோள் கடிதத்தில் ஒரு சிறுமி. கையில் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டிய ஊசிக்குழாய், பின்னால் பாதி திறந்த ஜன்னல். சிறுநீரகம் செயலிழந்துவிட்டது, வயது ஒன்பது என்று எழுதியிருந்தார்கள். அடுத்த வருடமும் அதே படம், அதே பிளாஸ்திரி, அதே ஜன்னல். ஆனால் இந்த முறை பெயர் வேறு, வயது ஏழு, நோய் ரத்தப் புற்றுநோய். தொலைபேசியில் கேட்டேன். “நோயாளியின் அடையாளத்தைக் காக்கப் பெயரை மாற்றுவோம் சார்” என்றார்கள். பெயரை மாற்றுவது சரி, முறையானதும்கூட. நோயையும் வயதையும் ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டதற்கு, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். பதில் வரவே இல்லை.

அப்புறம் முழுத் தணிக்கை அறிக்கையைக் குறிப்புகளோடு அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதினேன். வந்தது அதே வட்ட வரைபடம், இன்னும் கொஞ்சம் பளபளப்பான தாளில். மறுபடி எழுதினேன். ‘ஆண்டறிக்கையிலேயே எல்லாம் இருக்கிறது’ என்று பதில். கடைசியில் அவர்கள் அரசுப் பதிவு அலுவலகத்தில் தாக்கல் செய்திருந்த கணக்கை அங்கிருந்தே எடுத்தேன்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. அந்தக் கணக்கில் 90 சதவீதம் என்பது பொய் இல்லை. கூட்டிக் கழித்தால் கிட்டத்தட்ட அந்த எண்தான் வருகிறது. ஆடிட்டர் கையெழுத்தும் உண்மையானது. ஏமாற்று வேலை எண்ணில் இல்லை, அந்த எண்ணை எதைச் சேர்த்துச் செய்தார்கள் என்பதில் இருக்கிறது. அது தெரிய வருவது கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளில்தான்.

முதல் குறிப்பு மருந்துகள் பற்றியது. வரவில் பெரும்பகுதி பணமாக வந்ததே இல்லை. ஒரு கம்பெனி கொடுத்த மருந்துகளுக்கு இவர்கள் ஒரு மதிப்புப் போட்டு வரவில் எழுதியிருக்கிறார்கள். அதே மருந்துகளை இன்னொரு அமைப்புக்கு அனுப்பியதாகச் சொல்லி, அதே மதிப்பைச் ‘சேவைச் செலவு’ என்று எழுதியிருக்கிறார்கள். மருந்து இவர்கள் கிடங்குக்கு வந்ததா என்பதற்குக்கூடத் தடயம் இல்லை. ஆனால் காகிதத்தில் வரவும் பெருத்துவிட்டது, சேவையும் பெருத்துவிட்டது. நிர்வாகச் செலவு அதற்குப் பக்கத்தில் சின்னதாகத் தெரியும். இந்த மருந்துக் கணக்கை எடுத்துவிட்டு, உங்களையும் என்னையும் போன்றவர்கள் கொடுத்த ரொக்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் படம் தலைகீழாகிறது. ரொக்கத்தில் பாதிக்கு மேல் பணம் திரட்டிக் கொடுத்த கால் சென்டர் நிறுவனத்துக்கே போயிருக்கிறது.

இது எங்கோ ஓரிடத்தில் நடந்த தந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். குடற்புழு மாத்திரைகள் உலகச் சந்தையில் சில சென்ட்டுகளுக்குக் கிடைக்கும்போது, அவற்றை ஒன்றுக்கு 10 டாலருக்கு மேல் மதிப்புப் போட்டு அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் சில கணக்கு காட்டியது முன்பே வெளியே வந்து சர்ச்சையானது. அதைவிட மோசமானது 2015-இல் அம்பலமானது. கேன்சர் ஃபண்ட் ஆஃப் அமெரிக்கா உட்பட ஒரே குடும்பத்தையும் அதற்கு வேண்டியவர்களையும் சுற்றி நடந்த நான்கு புற்றுநோய் அமைப்புகள் மீது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையமும் 50 மாநிலங்களும் சேர்ந்து வழக்குப் போட்டன. 2008 முதல் 2012 வரை மக்களிடம் வசூலித்தது 18 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல். பல சமயம் நன்கொடையில் 85 சதவீதமோ அதற்கு மேலோ வசூல் ஏஜென்டுகளுக்குப் போனது என்றும், மிச்சத்தில் கார், சொகுசுக் கப்பல் பயணம், கல்லூரிக் கட்டணம் என்று நடத்தியவர்கள் செலவழித்தார்கள் என்றும் குற்றச்சாட்டு. இதையெல்லாம் மறைக்க அவர்கள் காட்டியதும் பொருளாக வந்த நன்கொடைதான், வெளிநாடுகளுக்கு அனுப்பியதாகச் சொல்லி 22 கோடி டாலருக்கு மேல். 2015-16-இல் வழக்கு முடிந்தபோது அந்த அமைப்புகளுக்கு மூடுவிழா நடந்தது. ஆனால் போன பணத்தில் பெரும்பகுதி திரும்ப வரவில்லை. புற்றுநோயோடு படுத்திருந்தவர்களின் பெயரைச் சொல்லி வாங்கிய பணம் அது. படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

சரி, இரண்டாவது குறிப்பு. ‘விழிப்புணர்வு’ என்ற தலைப்பில் ஒரு பெரிய தொகை. சிறுநீரக நோய் பற்றி மக்களுக்குச் சொல்ல ஆன செலவாம். என்ன விழிப்புணர்வு என்று பார்த்தால், எனக்கு வந்த அதே வேண்டுகோள் கடிதங்கள்தான். கடிதத்தின் அடியில் ‘தண்ணீர் நிறையக் குடியுங்கள், உப்பைக் குறையுங்கள்’ என்று இரண்டு வரி இருக்கும். அந்த இரண்டு வரிக்காக, பணம் கேட்கும் கடிதத்தின் அச்சுக் கூலியிலும் தபால் செலவிலும் பெரும்பங்கைச் சேவைக் கணக்கில் தள்ளியிருக்கிறார்கள். ஒரே செலவை வசூலுக்கும் சேவைக்கும் பிரித்து எழுதக் கணக்கியல் விதிகளில் இடம் உண்டு, ஆனால் அதற்கு நிபந்தனைகளும் உண்டு. அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்கள் தாக்கல் செய்யும் 990 படிவத்தில் இப்படிப் பிரித்த கூட்டுச் செலவைக் காட்டவே தனி வரி இருக்கிறது. அந்த வரியில் பெரிய தொகை இருந்தால் நின்று கேள்வி கேளுங்கள். உண்மையில் நோயாளிகளுக்குச் சொல்லித் தரும் அமைப்பு என்றால் யாருக்கு, எங்கே, யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று சொல்ல முடியும். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. டயாலிசிஸில் இருக்கும் பலருக்குத் தண்ணீரை அளந்துதான் கொடுப்பார்கள். சிறுநீரக நோயாளிகளுக்காக இருப்பதாகச் சொல்பவர்களுக்கு இதுகூடத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் கவலை இல்லை.

கட்டட வாடகை நிர்வாகியின் உறவினர் கம்பெனிக்குப் போவதும் குறிப்புகளில் ஒரு வரியாக இருந்தது. உறவினரோடு கொடுக்கல் வாங்கல் இருப்பதே குற்றமில்லை. சந்தை வாடகை என்ன, அறங்காவலர் குழுவில் யார் சம்மதித்தார்கள், அந்தக் கூட்டத்தில் அந்த நிர்வாகி எழுந்து வெளியே போனாரா என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் என்னை உண்மையில் உலுக்கியது கணக்கு இல்லை. அந்த நிறுவனம் டயாலிசிஸ் இயந்திரங்கள் நன்கொடையாகக் கொடுத்ததாக ஆண்டறிக்கையில் பெருமையாகப் போட்டிருந்த ஒரு சிறிய மருத்துவமனைக்கு நேரில் போனேன். ஒரு டெக்னீஷியன் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். துணிகள் அடுக்கி வைத்த அறையின் மூலையில் இரண்டு இயந்திரங்கள், மேலே பிளாஸ்டிக் உறை, உறை மேல் தூசி. பக்கவாட்டில் அந்த நிறுவனத்தின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு மட்டும் பளிச்சென்று இருந்தது. வந்த நாளில் படம் எடுத்துக்கொண்டு போனதோடு சரி என்றார். ஒரு முறை டயாலிசிஸ் செய்யக் கிட்டத்தட்ட 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும். சாதாரணக் குழாய்த் தண்ணீர் ஆகாது, அதில் இருக்கும் குளோரினும் உலோகங்களும் நேராக ரத்தத்துக்குள் போய்விடும். அவர்களுடைய ஆர்.ஓ. அமைப்பு ஏற்கெனவே இருக்கும் இயந்திரங்களுக்கே போதவில்லை. புதிதாக இரண்டு வந்தால் ஆர்.ஓ.வைப் பெரிதாக்க வேண்டும், இன்னொரு டெக்னீஷியனுக்குச் சம்பளம் வேண்டும், மாதாமாதம் டயாலைசரும் (ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வடிகட்டி) ரத்தம் ஓடும் பிளாஸ்டிக் குழாய்களும் வேண்டும். “எங்களைக் கேட்டிருந்தால் இயந்திரம் வேண்டாம், டயாலைசர் வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லியிருப்போம். யாரும் கேட்கவில்லை” என்றார் அவர். ஆண்டறிக்கையிலோ இந்த இரண்டு இயந்திரங்களின் பெயரில் ஆயிரக்கணக்கான ‘பயனாளிகள்’. இயந்திரம் ஓடினால் வருடத்துக்கு இத்தனை முறை டயாலிசிஸ் செய்யலாம் என்று பெருக்கிப் போட்ட எண் அது. ஒரு ஆள்கூட அதில் படுக்கவில்லை.

ஆகவே ‘இத்தனை பேருக்கு உதவினோம்’ என்று எந்த மருத்துவத் தொண்டு நிறுவனம் சொன்னாலும், எப்படி எண்ணினீர்கள் என்று கேளுங்கள். இலவச முகாம் நடத்துபவர்களிடம் எத்தனை பேரைப் பரிசோதித்தீர்கள் என்பதோடு நிற்காதீர்கள். கோளாறு இருப்பதாகத் தெரிந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தார்கள், ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நோய் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வழி காட்டாமல் அனுப்பிவிட்டால் அந்த ஆளுக்கு மிஞ்சுவது பயம்தான். மருந்து கொடுப்பவர்களிடம், நீங்கள் கொடுத்திருக்காவிட்டால் அரசு மருத்துவமனையிலேயே அது கிடைத்திருக்குமா என்று கேளுங்கள். கிடைத்திருக்கும் என்றால் உங்கள் பணத்தால் புதிதாக எதுவும் நடக்கவில்லை.

இதையெல்லாம் செய்வது முடியாத காரியம் என்று சில அமைப்புகள் சொல்லும். செய்பவர்கள் இருக்கிறார்கள். மலேரியாவுக்குக் கொசுவலை கொடுக்கும் அகெய்ன்ஸ்ட் மலேரியா ஃபவுண்டேஷன், எந்த நாட்டில் எவ்வளவு வலைகள் என்று பொதுவில் போடுகிறது. கொடுத்த பிறகு வீடுகளில் வலை கட்டியிருக்கிறார்களா, கிழிந்துவிட்டதா என்று கணக்கெடுக்கவும் ஏற்பாடு செய்கிறது. 2007-இல் தொடங்கிய கிவ்வெல் போன்ற மதிப்பீட்டு அமைப்புகள், இப்படிச் செலவழிக்கும் பணத்துக்கு எத்தனை உயிர் மிஞ்சுகிறது என்று கணக்குப் போட்டு, தங்களுக்கு எங்கே சந்தேகம் என்பதையும் சேர்த்தே வெளியிடுகின்றன. எல்லா மருத்துவ உதவியையும் இப்படி அளந்துவிட முடியாது. டயாலிசிஸோ வலி தணிப்புச் சிகிச்சையோ கொசுவலை மாதிரி இல்லை, செலவு அதிகம், பலன் பெறும் ஆட்கள் குறைவு. அதற்காக அவை வேண்டாதவை ஆகிவிடாது. ஆனால் என்ன செய்தோம், என்ன நடந்தது என்று சொல்வதற்கு எந்த நோயும் தடை இல்லை.

நிர்வாகச் செலவு குறைவாக இருப்பதையே நல்லதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். இதை நான் மட்டும் சொல்லவில்லை. தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பி.பி.பி. வைஸ் கிவிங் அலையன்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்து 2013-இல் நன்கொடையாளர்களுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில் இதைத்தான் வலியுறுத்தின. நோயாளியைப் பின்தொடர்ந்து போன் செய்யும் ஊழியருக்கும், கணக்கு எழுதுபவருக்கும் சம்பளம் வேண்டும். அந்த மருத்துவமனைக்கு ஒரு ஆளை அனுப்பி, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் அதுவும் நிர்வாகச் செலவுதான். அந்தச் செலவைச் செய்திருந்தால் இயந்திரங்கள் தூசி பிடித்துக் கிடந்திருக்காது. இந்த ‘90 சதவீதம்’ மீது நாம் வைத்த ஆசைதான் இந்த மாதிரி ஆட்களுக்குத் தீனி.

கணக்கை எங்கே பார்ப்பது? இங்கிலாந்து, வேல்ஸில் சாரிட்டி கமிஷனின் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். அமெரிக்காவில் 990 படிவம் பொது ஆவணம், கேட்டால் அந்த நிறுவனமே காட்ட வேண்டும். இப்படி வசதி இல்லாத இடங்களில் நேரடியாக நிறுவனத்திடம் கேளுங்கள், ஆனால் கேட்கும்போது ‘ஆண்டறிக்கை’ என்று கேட்காதீர்கள், படப் புத்தகம்தான் வரும். ‘தணிக்கையாளர் கையெழுத்திட்ட கணக்கு, எல்லாக் குறிப்புகளோடும்’ என்று எழுதிக் கேளுங்கள். குறைந்தது மூன்று வருடத்துக்கு வாங்குங்கள். ஆடிட்டரின் கருத்துப் பத்தியில் ‘இது தவிர’, ‘இதற்கு உட்பட்டு’ என்பது போல் ஏதாவது இருந்தால் அங்கேயே நில்லுங்கள், கணக்கை அவர் முழுதாக ஏற்கவில்லை என்று அர்த்தம். வரிச்சலுகை உண்டு என்ற சான்றிதழைக் காட்டி யாராவது சமாதானம் சொன்னால் ஏற்காதீர்கள். வேலை ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அது சான்று இல்லை.

மாதத் தொகையை நிறுத்துவதிலும் இழுத்தடித்தார்கள். நிறுத்தச் சொல்லி எழுதிய பிறகும் பணம் பிடித்தம் ஆனது. தொலைபேசியில் பேசியவர், “இந்த மாதம் நிறுத்தினால் ஒரு குழந்தையின் சிகிச்சை நின்றுவிடும்” என்றார். எந்தக் குழந்தை, எந்த மருத்துவமனை என்று கேட்டேன், இணைப்பைத் துண்டித்துவிட்டார். வங்கியில் எழுதிக் கொடுத்துத்தான் நிறுத்த முடிந்தது. நீங்களும் நிறுத்துவதாக இருந்தால் நிறுவனத்திடம் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டாம், நேராக வங்கிக்கே போங்கள், எழுதிக் கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் கட்டி வந்த மாதத் தொகையை இப்போது அந்த டெக்னீஷியன் சொன்னபடி டயாலைசராகவே வாங்கி அந்த மருத்துவமனைக்குக் கொடுக்கிறேன். பில் என் பெயரில், ரசீது அவர்கள் பதிவேட்டில். பதிவு அலுவலகத்துக்குக் கொடுத்த புகாரில் இரண்டு வருடக் கடிதங்களின் நகலையும், இயந்திரங்களின் படத்தையும், கணக்கின் குறிப்புப் பக்கங்களையும் இணைத்திருக்கிறேன். ஒரே படம் வெவ்வேறு பெயரிலும் நோயிலும் வந்த வேண்டுகோள் கடிதம் உங்களிடமும் இருந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், உறையோடு பத்திரப்படுத்துங்கள். தேதி முத்திரை உறையில்தான் இருக்கும், விசாரணை அதிகாரி என்னிடம் முதலில் கேட்டதும் அதைத்தான்.