ஓக் மரத்துக் காளான் என்று சொல்லி 1,850 ராண்ட் போச்சு, டர்பன் மக்களே உஷார்

அரை கிலோ காய்ந்த போர்சினி காளானுக்கு 1,850 ராண்ட் வாங்கிக்கொண்டு குப்பையை அனுப்பியிருக்கிறார்கள். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இல்லையென்றால் "போனது போகட்டும் விடு" என்று சொல்லியே வீட்டில் என் வாயை அடைத்துவிடுவார்கள்.

புரட்டாசி மாதம். டர்பன் சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவில் பல வீடுகளில் கறி மீன் கிடையாது. சனிக்கிழமைப் பூசை முடிந்து பிரியாணிக்குக் கடைக் காளான் போட்டால் தண்ணீர் விட்டுக்கொண்டு சப்பென்று இருக்கும். போர்சினி மணமே வேறு. கேப் டவுன் பக்கம் இலையுதிர்கால மழைக்குப் பிறகு ஓக், பைன் மரங்களுக்கு அடியில் முளைக்கும். 10 கிலோ பச்சைக் காளான் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறும், அதனால் விலையை நான் குறை சொல்லவில்லை.

விற்றது ஒரு சமூக வலைத்தளப் பக்கம். கேப் டவுனுக்குப் பக்கத்து ஊரான ஸ்டெலன்போஷில் எடுத்தது என்று ஒரு வீடியோ அனுப்பினார்கள். ஓக் மரத்தடிச் சருகை விலக்கி, தடித்த காம்போடு ஒரு பழுப்புக் குடையைப் பிடுங்கி, கத்தியால் இரண்டாக வெட்டிக் காட்டினார் அந்தப் பையன். சதை நீலமாகாமல் வெள்ளையாகவே இருந்தது. காம்பில் வலை போட்ட கோடுகள், குடைக்கு அடியில் மடிப்பே இல்லாமல் பஞ்சு மாதிரி நுண்துளைகள். அசல் சரக்கு, சந்தேகமே இல்லை. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவர் என் பெயரைப் பார்த்ததும், "வணக்கம் ஆன்ட்டி, என் பாட்டியும் தமிழ்தான், புரட்டாசிக்கு நானே பொறுக்கி அனுப்புறேன்" என்று குரல் செய்தி போட்டார். அந்தப் பாட்டிக்காகத்தான் 1,850 ராண்ட் உடனே போனது.

வந்ததை வெந்நீரில் ஊறவைத்தேன். மணமே இல்லை. தட்டில் பரப்பிப் பார்த்தால், பாதிக்கு மேல் துண்டுகளில் குடைக்கு அடியில் மெல்லிய மடிப்புகள். சூப்பர்மார்க்கெட் பட்டன் காளானைச் சீவிக் காயவைத்ததாக இருந்தால் நல்ல காலம். ஏனென்றால் டெத் கேப் என்கிற கொலைகாரக் காளானும் ஓக் மரத்தடியில்தான் வரும், அதற்கும் அடியில் மடிப்புதான். சாப்பிட்டு 6 மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது, அப்புறம் வாந்தி, பேதி, கடைசியில் கல்லீரலே போய்விடும். வேகவைத்தாலும் அந்த விஷம் முறியாது. பேரப்பிள்ளைகள் சாப்பிடுகிற வீடு இது!

போட்டோ அனுப்பினேன். "காய்ந்தால் அப்படித்தான் தெரியும் ஆன்ட்டி." சரி, துளை எப்படியப்பா மடிப்பாக மாறும் என்று கேட்டேன். "இது வேற வகை." அப்புறம் கூரியர்காரன் மாற்றியிருப்பான் என்றார். அதுவும் எடுபடாமல், உணவுப்பொருளைத் திருப்பி எடுப்பதில்லை என்றார். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பழுதான பொருளை 6 மாதத்துக்குள் திருப்பலாம் என்று எழுதினேன். படித்துவிட்டு பிளாக் செய்துவிட்டார். வங்கியிலோ, "நீங்களே அனுப்பின பணம், எங்களால் திரும்ப எடுக்க முடியாது" என்று ஒரே வரி. 1,850 ராண்ட்!

என்னென்ன பார்த்து வாங்கவேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. மடிப்பு தெரிகிற துண்டை போர்சினி என்று யார் விற்றாலும் வாயில் வைக்காதீர்கள். கணக்குக்கு நேராக முன்பணம் போடாதீர்கள். ஊறவைத்ததைக் கொட்டினாலும் மிச்சப் பாக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள், புகாருக்கு வேண்டும்.

மருமகள் போனில் பார்த்தேன். அதே பக்கத்தில் இப்போது தீபாவளிச் சலுகையாம்.