பழைய கம்ப்யூட்டர் மென்பொருளா, கிளவுடா?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் உள்ள எங்கள் ஜவுளிக்கடையின் தீபாவளிக் கொள்முதல் திட்டம் பல வருஷமாக ஒரே கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அந்த மென்பொருள் விண்டோஸ் 7-ல் மட்டும் ஓடும். அந்த விண்டோஸுக்கோ 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது.

பழையதற்கு நெட் வேண்டாம், மாதச் சந்தா கிடையாது. கணக்குப்பிள்ளை அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு போடுவார். ஆனால் எல்லாக் கணக்கும் ஒரே பெட்டிக்குள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கடைக்குள் தண்ணீர் ஏறியபோது, துணி மூட்டைகளை விட்டுவிட்டு அந்தப் பெட்டியைத்தான் முதலில் தூக்கி மேலே வைத்தேன்.

கிளவுட் என்றால் கணக்கு நம் பெட்டியில் இல்லாமல், நெட் வழியாக வேறு கம்பெனியின் சர்வரில் இருக்கும். அதில் அந்தப் பயம் இல்லை. ராயபுரம் குடோனில் சரக்கு வெளியே போனதும் கடையில் இருப்பு குறைந்து தெரிகிறது. சந்தா உண்டு, நெட் போனால் வேலை நிற்கும்.

மாறும்போது பெரிய பாடு சரக்குப் பெயர்களில்தான். ‘காட்டன் நைட்டி எக்ஸ்எல்’, ‘எக்ஸ்எல் நைட்டி காட்டன்’, ‘காட். நைட்டி’ என்று ஒரே சரக்கு மூன்று பெயரில் கிடந்தது. அப்படியே ஏற்றினால் போன வருஷ விற்பனை மூன்றாக உடைந்து, இந்த வருஷ ஆர்டர் தப்பாகிவிடும். உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். அப்புறம் இன்னொன்று: பழைய எக்ஸ்எல்எஸ் (பழைய எக்செல் வகை) கோப்பின் ஒரு ஷீட்டில் 65,536 வரிக்கு மேல் நிற்காது. அதனால் பழைய கணக்கை சிஎஸ்வி-யாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) எடுங்கள்.

என் ஓட்டு கிளவுடுக்கே. ஏப்ரல் 1-ல் தொடங்கி, இரண்டு மாதம் இரண்டையும் சேர்த்தே ஓட்டுங்கள். ஆடித் தள்ளுபடி நேரத்தில் மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள்.