நாய்க்குக் காப்புறுதியா, தனிச் சேமிப்பா?

லண்டனில் இருக்கிற என் தங்கச்சி தன் பூனைக்கு மாதாமாதம் காப்புறுதி கட்டுகிறாள். கோண்டாவிலில் நான் எங்கள் நாய் ரைகருக்கென்று ஒரு தனி வங்கிப் புத்தகத்தில் மாதம் 2,000 ரூபாய் போடுகிறேன். இதைப் பற்றி நாங்கள் இருவரும் தொலைபேசியில் கதைக்காத கிழமை இல்லை. அவளுடைய ஊருக்கு அவள் செய்வது சரி. ஆனால் யாழ்ப்பாணத்தில் நாய் வளர்க்கிறவருக்கு முதலில் சேமிப்புத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் ஆட்களுக்குக் காப்புறுதி என்றதும் மாட்டுக் காப்புறுதிதான் நினைவுக்கு வரும். மாட்டின் காதில் இலக்கத் தகடு குத்துவார்கள், பெரும்பாலும் மாடு செத்தால்தான் காசு வரும். செல்லப்பிராணிக் காப்புறுதி வேறு மாதிரி, பிராணி உயிரோடு இருக்கும்போது அதன் வைத்தியச் செலவைத் தருவது. தங்கச்சியின் பத்திரத்தை வரிவரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். சேர்ந்த முதல் இரண்டு கிழமைக்குள் வருத்தம் வந்தால் காசு இல்லை. சேர முன்னமே இருந்த வருத்தத்துக்கும் இல்லை. ஒவ்வொரு முறையும் பில்லின் முதல் பகுதியை நாம்தான் கட்ட வேண்டும், வயது ஏற ஏற மாதக் கட்டணமும் ஏறும். தடுப்பூசியும் கருத்தடையும் இதில் சேராது, அதே நேரம் தடுப்பூசி ஒழுங்காகப் போடாவிட்டால் அந்த நோய்களுக்குக் காசு கேட்கவும் முடியாது. இன்னொன்று, ஒரு வருத்தத்துக்கு 12 மாதம் மட்டும் தருகிற திட்டமும் இருக்கிறது, வாழ்நாள் முழுக்கத் தருகிற திட்டமும் இருக்கிறது. நீரிழிவு வந்த பூனைக்கு முதல் வகையை வைத்துக்கொண்டு இரண்டாம் வருடம் என்ன செய்வது?

இத்தனை நிபந்தனை இருந்தும் காப்புறுதி ஓரிடத்தில் சேமிப்பை வென்றுவிடுகிறது, அது தொடக்கக் காலம். இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். சேமிக்கத் தொடங்கி நாலாம் மாதம் ரைகருக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாளாகச் சோற்றை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்தான், உதட்டைத் தூக்கிப் பார்த்தால் பல் முரசு வெள்ளைத் துணி மாதிரி வெளிறிக் கிடந்தது, சிறுநீர் தேயிலைச் சாய நிறத்தில் போனது. விரல் இடுக்குகளில் உண்ணி. மிருக வைத்தியர் வந்து சேலைன் போத்தலை யன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட, நான் நிலத்தில் இருந்து அவன் முன்காலை அசையாமல் பிடித்துக்கொண்டேன். புத்தகத்தில் இருந்தது 8,000 ரூபாய். இரத்தப் பரிசோதனை, ஊசி, நாலு கிழமை மாத்திரை எல்லாவற்றுக்கும் அது எங்கே காணும்? மனைவியின் ஒரு காப்பை அடைவு வைத்தோம். அப்போது காப்புறுதி இருந்திருந்தால் அந்தக் காப்பு கையில் இருந்திருக்கும், அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். பல இடங்களில் பில்லை முதலில் நாம் கட்டிவிட்டுத்தான் காப்புறுதியிடம் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரவு நாய் மோட்டார் சைக்கிளில் அடிபட்டால் கையில் காசு வேண்டும். அதனால் காப்புறுதி எடுத்தவருக்கும் சேமிப்புத் தேவை.

எனக்குப் பெரிதாகப் படுகிற காரணம் வேறு. லண்டனில் ஒரு சத்திர சிகிச்சை, ஸ்கான், சில நாள் தங்கல் என்றால் பில் ஆயிரக்கணக்கான பவுணுக்குப் போகும், அந்தப் பயத்துக்குத்தான் காப்புறுதி. இங்கே ஒரு நாய்க்குச் செய்யக்கூடிய வைத்தியத்துக்கே எல்லை இருக்கிறது. பெரிய வருத்தம் என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். ஏ9 வீதியால் 300 கிலோமீற்றருக்கு மேலே, வான் பிடித்து, நாயைப் பின் இருக்கையில் சாக்கில் கிடத்திக்கொண்டு போக வேண்டும். அந்த வான் கூலியைச் சாதாரணமாக எந்தக் காப்புறுதியும் தராது, ஆனால் சேமிப்புப் புத்தகத்தில் இருந்து எடுக்கலாம். பெட்டை நாய் வைத்திருக்கிறவர்கள் அதே காசில் கருத்தடை செய்துவிடலாம். கருப்பையில் சீழ் பிடித்து, அவசரத்தில் வயிற்றைத் திறக்கிற நிலைமை அதோடு இல்லாமல் போகும். விசர்நாய்த் தடுப்பூசியை அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது, பார்வோ, டிஸ்டெம்பர் என்ற தொற்று நோய்களின் தடுப்பூசிக்குத்தான் நாம் செலவழிக்க வேண்டும்.

சேமிப்பின் குறையையும் சொல்ல வேண்டும். சாமத்திய வீடு வந்தால் கை அந்தப் புத்தகத்துக்குத்தான் போகும். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்குப் போனபோது இறக்குமதி மருந்தெல்லாம் விலை ஏறியது, சேர்த்த காசு கண்ணெதிரே சிறுத்தது. அந்த வருடம் காப்புறுதியின் உச்சத்தொகையும் ரூபாயில்தானே இருந்திருக்கும், அதுவும் சேர்ந்து சிறுத்திருக்கும்.

சிலர் சீட்டைச் சொல்கிறார்கள். அவசரத்துக்குக் கழிவு கொடுத்து முன்கூட்டியே எடுக்கலாம் என்பது நல்ல வசதி, நாலாம் மாதத்தில் எனக்கு அது உதவியிருக்கும். ஆனால் சீட்டை மாதத்தில் ஒரு நாள்தான் ஏலம் கூறுவார்கள், நாய் அதுவரை பொறுத்திருக்காது. நம்பிக்கையான ஆள் பிடித்தால் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

குட்டி எடுக்க நினைக்கிறவர்களுக்கு என் கணக்கு இதுதான்: குட்டி வீட்டுக்கு வரும் முன்னமே ஒரு 25,000 ரூபாயைப் போட்டுத் தொடங்குங்கள், பிறகு மாதம் 2,000. வங்கி அட்டையை நாயின் தடுப்பூசி அட்டையோடு ஒரே உறையில் வையுங்கள். ரைகருக்கு இப்போது ஏழு வயது, இந்த மாதத்தில் இருந்து 3,000 ஆக்கியிருக்கிறேன்.