புல்தரையா, மரநிழலா: யாழ்ப்பாணத்துத் தொடர்மாடி வளவுக்கு எது நின்றுபிடிக்கும்?

யாழ்ப்பாணத்தில் எழும்புகிற புதிய தொடர்மாடிகளின் விளம்பரப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போனால் கட்டடம் மாறும், பச்சை மாறாது. முன்னால் மட்டமாக வெட்டிய புல், இரண்டு பக்கமும் றோயல் பாம் மரங்கள், நடுவில் ஒரு நீரூற்று. வேலை எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று கனடாவில் இருக்கிற உறவுக்காரருக்குப் படம் அனுப்பும்போதும் அந்தப் புல்தான் முதலில் போகும். ஓடு பதிக்காத வீட்டுக்குக்கூட முற்றத்தில் புல் வந்துவிடும். கட்டுகிறவருக்கு அதில் நியாயமும் உண்டு. புல் ஒரு வாரத்தில் பச்சை காட்டும், மரம் அப்படிக் காட்டாது.

நல்லூருக்கும் கண்டி வீதிக்கும் இடையில் நாங்கள் வீடு வாங்கிய தொகுதியிலும் இந்தக் கேள்வி வந்தது. வாகனத் தரிப்பிடம், பாதை, நிலத்தடித் தாங்கி எல்லாம் போக ஏறத்தாழ இரண்டு பரப்புக் காணி மிஞ்சியது. கட்டியவர் தரப்பு புல்தரையும் பாமும் என்றது. சிலர் இன்டர்லொக் கல் பதித்துப் பூச்சாடி வைத்தால் போதும் என்றார்கள். நானும் இன்னும் சிலரும் மரம் என்றோம். கூட்டங்கள் கூடி, சத்தம் போட்டு, கடைசியில் வாசலுக்கு முன்னால் ஒரு துண்டு புல், மிச்சமெல்லாம் மரம் என்று முடிந்தது. ஆகவே நான் நடுவில் நின்று எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்டர்லொக்கைப் பற்றி அதிகம் கதைக்கத் தேவையில்லை. கூட்டுவது சுகம், சேறு இல்லை, மோட்டார் சைக்கிள் விடலாம். ஆனால் பங்குனி, சித்திரையில் மத்தியானம் செருப்பில்லாமல் கால் வைக்க ஏலாது, இரவிலும் கல் சூடு கக்கும். மழைத் தண்ணீர் நிலத்துக்குள் இறங்காமல் வீதிக்கு ஓடும். 2024 கார்த்திகைக் கடைசியில் யாழ்ப்பாணம் வெள்ளத்தில் கிடந்ததைப் பார்த்தபின்னும் இருக்கிற மண் முழுவதையும் கல்லால் மூட எனக்கு மனம் வராது. வாகனம் நிற்கிற இடத்துக்கு மட்டும் அது சரி.

புல்தரைக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடவேண்டும். வடிவு. சின்னப் பிள்ளைகள் விழுந்து எழும்ப அதைப்போல ஒன்றில்லை. வீடு விற்க வருகிறவருக்கு வாசலில் பச்சை தெரிந்தால் விலை கதைக்க லேசு. மாரி முழுக்க, அதாவது ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும், எந்தக் கரைச்சலும் தராது. வெட்டவேண்டும், அவ்வளவுதான். எங்கள் வளவில் வேலை செய்கிற ஐயா முதல் நாளே சொன்னார்: “தம்பி, மாரியில புல்லைப் பாத்திட்டு வடிவெண்டு சொல்லாதேங்கோ. ஆடியில வந்து பாருங்கோ.”

அவர் சொன்னது தண்ணீரைத்தான். என்னைக் கேட்டால் இந்த ஊரில் பச்சை பற்றிய முழு விவாதமும் அந்த ஒன்றிலேயே தீர்ந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். குடாநாட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் மழை. குறைவில்லைத்தான், ஆனால் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். சித்திரையில் ஒன்றிரண்டு மழை வந்தால் புண்ணியம். அப்புறம் வைகாசியிலிருந்து சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று. வெயிலும் அந்தக் காற்றும் சேர்ந்தால் ஒரு சதுர மீற்றர் புல்லுக்கு நாளுக்கு ஐந்து லீற்றர் தண்ணீர் வேண்டும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்பதால் இரண்டு பரப்பு ஏறத்தாழ 500 சதுர மீற்றர். ஆக நாளுக்கு 2,500 லீற்றர். ஓர் ஆளுக்கு 125 லீற்றர் என்று வைத்தாலும் இருபது பேருக்கு ஒரு நாளைக்குக் காணும்.

மரத்துக்கு? அதே காணியில் இருபது கன்று வைக்கலாம். கன்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 20 லீற்றர், ஒரு வாளிக்குச் சற்றுக் கூட. சராசரியாக நாளுக்கு 200 லீற்றர்தான், புல் கேட்பதில் பன்னிரண்டில் ஒரு பங்கும் வராது. அதைவிட முக்கியம், இந்தச் செலவுக்கு ஒரு முடிவு இருக்கிறது. முதல் கோடையில் ஒழுங்காக ஊற்றவேண்டும், இரண்டாவது கோடையில் கிழமைக்கு ஒருமுறை, அதன்பிறகு வேம்பும் பூவரசும் தங்கள் பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். புல் அப்படியில்லை. பத்தாவது வருடத்திலும் அதே 2,500 லீற்றரைக் கேட்கும்.

தண்ணீர் எங்கிருந்து வரும் என்பது அடுத்தது. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கையாறும் மழைக்கு மட்டும்தான். நமக்கு இருப்பது சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கிய மழைத் தண்ணீர். அந்த நன்னீர் கீழே இருக்கிற கடல்நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. மேலே நீர்மட்டம் ஓர் அடி இறங்கினால் அடியில் உவர்நீர் நாற்பது அடி வரை ஏறிவரலாம் என்பது நிலத்தடி நீர் படித்தவர்கள் சொல்லுகிற கணக்கு. கடனீரேரிப் பக்கத்துக் கிணறுகள் ஆவணியில் உவர் தட்டுவது யாழ்ப்பாணத்தார் எல்லாருக்கும் தெரியும். தொடர்மாடியில் முப்பது வீட்டுக்கு ஒரு குழாய்க்கிணறு. அதில் புல்லுக்கும் மோட்டரைப் போட்டு இறைத்தால் முதலில் உவர்ப்பது எங்கள் தேநீர்தான். அயல் வளவுக்காரர் சண்டைக்கு வருவது அதற்குப் பிறகு.

குழாய்த் தண்ணீர் வந்துவிட்டதே என்று கூட்டத்தில் ஒரு அண்ணை கேட்டார். வந்திருக்கிறது. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆவணியில் திறக்கப்பட்டது, நாளுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. நல்ல காரியம். ஆனால் கடலை மோட்டரால் இழுத்து, சவ்வுக்குள்ளால் நெருக்கி, உப்புப் பிரித்து, அத்தனை மைல் குழாயில் கொண்டுவந்த தண்ணீரைப் புல்லுக்குச் சீறியடிப்பது என்றால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. மீற்றர் ஓடுவது வேறு. பவுசரில், அதாவது தண்ணீர் லொறியில், எடுப்பதென்றால் சொல்லவே வேண்டாம். ஐயாயிரம் லீற்றர் பவுசர் ஒன்று இரண்டு நாளுக்குத்தான் காணும்.

எங்கள் வாசலில் விட்ட அந்தத் துண்டுப் புல்லே போதிய சாட்சி. மலேசியன் புல்தான் பதித்தோம். மதில் ஓரம், சூடு திருப்பி அடிக்கிற இடம், முதலில் மஞ்சளானது. கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் காய்ந்த இடங்களில் மண்ணின்மேல் வெள்ளையாக ஒரு படை. நகத்தால் சுரண்டினால் மாவாக வரும், நாக்கில் வைத்தால் கரிப்பு. பச்சை பிடிக்க யூரியா போடுங்கள் என்கிறார்கள். செம்மண்ணும் சுண்ணாம்புக்கல்லும் எதையும் தடுத்து வைக்காது. போட்ட பசளை மாரியோடு கிணற்றுக்குள் இறங்கிவிடும். தோட்டக் காணிகளால் நைத்திரேற் ஏறிய கிணறுகள் வலிகாமத்தில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

மரம் என்று முடிவெடுத்தால் எந்த மரம்? வேம்பு, பூவரசு, புங்கை, புன்னை, மகிழ் என்று வைத்தோம். பூவரசும் புன்னையும் உவரைத் தாங்கும், கடற்கரை மரங்கள். மகிழ் மெதுவாகத்தான் வளரும், ஆனால் அடர்த்தியான நிழல், பூ வாசம், ஒழுங்கான உருவம். மாமரமும் கேட்டார்கள், கறுத்தக்கொழும்பான் வைக்கச் சொல்லி. பொதுக் காணியில் கறுத்தக்கொழும்பான் வைத்தால் வைகாசி, ஆனியில் பொதுக் காணியைப் பராமரிக்கிற முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் மாங்காய்ப் பஞ்சாயத்து மட்டும்தான் நடத்தவேண்டி வரும் என்று விட்டுவிட்டோம். நாவல் வேண்டாம், காரெல்லாம் ஊதாவாகும். முருங்கை காற்றுக்கு முறியும், மயிர்க்கொட்டியும் வரும். பலாவும் பெண்பனையும் பிறகு தறிக்கவேண்டி வந்தால் அனுமதி எடுக்கவேண்டியவை, ஆகவே இடம் யோசித்து வைக்கவேண்டும். றோயல் பாம்? அது நிழல் தராது. மட்டை விழுந்தால் கார்க் கண்ணாடி போகும். வெறும் அழகுக்காக மட்டும் அதற்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

எல்லையில் நின்ற பழைய வேம்பு ஒன்றைக் கட்டும்போது தறிக்காமல் விட்டிருந்தார்கள். தொகுதியில் யாருக்கும் பிடித்த இடம் எது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவார்கள். மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் அதன் கீழே. பங்குனியில் பூக்கொட்டும் காலத்தில் இரண்டாம் மாடி அக்கா விடியவே பழைய சேலையை விரித்துவிடுவார், வடகத்துக்கு. அந்த நேரத்தில் வாகனத்தை நகர்த்தச் சொன்னால் நகர்த்திவிடுவது நல்லது.

மரத்திலும் வில்லங்கம் உண்டு. முதலாவது, நடுகிற வேலையே பாதிச் செலவு. கட்டட வேலை நடந்த நிலம் வெளியில் மண்போலத் தெரியும். ஓரடிக்குக் கீழே சீமெந்துக் கட்டி, உடைந்த ஓடு, அதற்குக் கீழே கல்லு. அலவாங்கு போட்டுத்தான் குழி எடுக்கவேண்டும். மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். கட்டடக் குப்பையை முழுக்க வெளியே எடுத்து, செம்மண்ணும் மாட்டெருவும் இலைக்குப்பையும் நிரப்பவேண்டும். இதைச் செய்யாமல் அலவாங்கால் ஒரு துளை போட்டுக் கன்றைச் செருகிவிட்டுப் படம் எடுக்கிற பழக்கம் ஊரில் நிறைய. வடமாகாணத்தில் கார்த்திகை மரநடுகை மாதம். காலம் சரியான காலம், நட்டவுடன் மழை பார்த்துக்கொள்ளும். ஆனால் கார்த்திகையில் நட்டதைப் பங்குனியில் யார் எண்ணுகிறார்கள்? சீமெந்துக் கழிவு கலந்த மண்ணில் வைத்த எக்சோராப் பூச்செடியின் இலை மஞ்சளடித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதைப் புதுக் கட்டடங்களின் வாசலில் பார்த்திருப்பீர்கள். அந்த மண்ணில் வைத்தால் பல கன்றுகள் அப்படித்தான் திணறும்.

சொட்டுநீர்க் குழாய் போடலாம் என்று ஆரம்பத்தில் ஆசைப்பட்டோம். எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்புக்கு அந்தத் துளைகள் நிற்காது, வெள்ளையாகக் கல்லுப் பிடித்து அடைபட்டுவிடும். கேத்திலுக்குள் பார்த்திருப்பீர்களே, அதேதான். அதனால் கன்றுக்கு அருகே அடியில் சின்னத் துளையிட்ட மண்பானையைப் புதைத்து, வாளியால் நிரப்பி விடுகிறோம். துளை அடைபட்டால் ஈர்க்கால் குத்திவிடலாம். மேலே காய்ந்த இலையை மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும். கேற்றைத் திறந்து விட்டுவிடாமல் பார்க்கவேண்டும், கட்டாக்காலி மாடுகளுக்குப் பூவரசங்கன்று என்றால் விருந்து.

வேர் விசயத்தில் என் அனுபவம் போதாது. எங்கள் கன்றுகளுக்கு இன்னும் அந்த வயது வரவில்லை. அயல் வளவுகளில் பார்த்ததை வைத்துச் சொன்னால், வேம்பையும் பூவரசையும் மலக்குழிக்கும் அத்திவாரத்துக்கும் பதினைந்தடிக்குக் கிட்ட வைக்காமல் இருப்பது நல்லது, மகிழைக் கொஞ்சம் கிட்டவும் வைக்கலாம். மொட்டைமாடித் தோட்டம் பற்றியும் கேட்கிறார்கள். நாங்கள் செய்யவில்லை, ஆகவே அதில் கருத்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. மரமென்றால் இலை விழும், கூரைப் பீலி அடைபடும், அடுத்த வளவுக்காரர் மதிலுக்கு மேலால் கூப்பிடுவார். இதெல்லாம் உண்மை. கூட்டுகிற வேலை புல் வெட்டுகிற வேலையைவிடக் குறைவா என்றால், மாசி, பங்குனியில் குறைவில்லை.

காசுக் கணக்கில் சட்டத்தையும் மறக்கக்கூடாது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடிச் சட்டப்படி பொதுக் காணி எல்லா வீட்டுக்காரருக்கும் கூட்டுச் சொந்தம், பராமரிப்பு முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் தலையில். கட்டியவர் ஒப்படைத்துவிட்டுப் போன மறுமாதமே புல்லின் தண்ணீர்க் காசு நம் மாதக் கட்டணத்தில் ஏறும். பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கிற, சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிற தொகுதிகளில் அந்தக் கட்டணம் ஒழுங்காக வராது. காசு வராத மாதத்தில் முதலில் நிற்பது தோட்டம்தான். புல் மூன்று கிழமையில் போய்விடும். மூன்று வயது வேம்பு அந்த மாதத்தைக் கவனிக்கவே மாட்டாது.

மரத்துக்கு இன்னொரு வசதி, குளித்த தண்ணீரையும் குடிக்கும். கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாய்க்கால் வழியே வாழைக்கும் தென்னைக்கும் போனதுதான் நம் வீடுகளின் வழக்கம். பிள்ளைகள் உருளுகிற புல்லுக்குச் சவர்க்காரத் தண்ணீர் அடிக்க முடியாது, மரத்தடிக்கு விடலாம். ஆனால் குளியலறைக் குழாயையும் மலசலகூடக் குழாயையும் வேறுவேறாக ஓடவிட்டிருந்தால்தான் அது நடக்கும். எங்களுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் அப்படி வாய்த்தது. நீங்கள் வாங்கப்போகிற தொகுதியில் இன்னும் குழாய் வேலை முடியவில்லை என்றால், புல்லின் படத்தைப் பிறகு பார்க்கலாம், குழாய் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். ஓடு பதித்தபின் நிலத்தை உடைக்க எந்தக் கூட்டமும் சம்மதிக்காது. எங்களுடையதும் சம்மதிக்கவில்லை.