ஏர்பேக் லைட் எரியவில்லை என்று நம்பிப் பழைய கார் வாங்காதீர்கள்

செகண்ட் ஹேண்ட் கார் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

நான் வாங்கியது 2019 மாடல் ஹேட்ச்பேக். "சிங்கிள் ஓனர், ஒரு கீறல் கிடையாது சார்" என்றார் டீலர். ஸ்கேனர் போட்டுக் காட்டினார், ஏர்பேக்கில் எந்தக் கோளாறும் வரவில்லை. கொஞ்ச நாளில் ஹாரன் மக்கர் பண்ணியது. ஸ்டீயரிங்கை ஒடித்தால் அடிக்கும், நேராக இருந்தால் அடிக்காது. கிளாக் ஸ்பிரிங் போனதற்கான அடையாளம் அது. ஸ்டீயரிங் சுற்றும்போதும் ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் கனெக்‌ஷன் அறுந்துவிடாமல் இருக்க, பட்டையான கேபிளைச் சுருளாக உள்ளே வைத்த ஒரு வட்டப் பெட்டி. வண்டி வேலை எனக்குப் பழக்கம்தான், நானே மாற்றிவிடலாம் என்று புதிதாக ஒன்று வாங்கினேன்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, சார்ஜ் இறங்கும்வரை காத்திருந்து, ஸ்டீயரிங் நடுவிலிருக்கும் பேடை எடுத்தேன். ஏர்பேக் யூனிட் என்றால் கையில் கனம் தெரியும். இது சோப்பு டப்பா மாதிரி வந்தது. உள்ளே பையும் இல்லை, அதை ஊதவைக்கும் இன்ஃபிளேட்டரும் இல்லை. வெடித்துக் கிழிந்த மூடியைப் பின்பக்கம் பசை வைத்து ஒட்டி, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஏர்பேக்கின் மஞ்சள் சாக்கெட்டில் ஒரு சின்ன ரெசிஸ்டர் (மின்தடை கொடுக்கும் சாமான்), சுற்றிலும் இன்சுலேஷன் டேப்.

சூட்சுமம் இதுதான்: ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் அந்த சர்க்யூட்டில் ரெசிஸ்டன்ஸை மட்டுமே பார்க்கிறது. இரண்டு மூன்று ஓம் இருந்தால் பை இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். யூனிட்டில் பதிவாகியிருக்கும் மோதல் பதிவையும் அழித்துவிட்டால் எச்சரிக்கை லைட் அணைந்துவிடும், ஸ்கேனரிலும் கோளாறு வராது. சில ரூபாய் சாமான்தான், அதை நம்பி என் வீட்டார் அந்த வண்டியில் போய்வந்திருக்கிறார்கள்.

டீலரிடம் போட்டோவைக் காட்டினால், "லைட் எரியலையே சார், அப்புறம் என்ன கம்ப்ளெயின்ட்?" என்கிறார்.

நீங்கள் என்ன பார்க்க வேண்டும் என்றால், இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் லைட் சில விநாடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பிலேயே கை வைத்திருக்கலாம். எரிந்து அணைந்தால் மட்டும் நல்ல வண்டி என்றும் சொல்ல முடியாது, என் வண்டியிலும் ஒழுங்காக அணைந்தது. ஸ்டீயரிங் பேடின் நிறமும் சொரசொரப்பும் டேஷ்போர்டோடு ஒத்துப்போகிறதா, ஓரத்தில் ஒட்டு தெரிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துவிடுங்கள். பெரிய மோதலில், பெல்ட்டைச் சட்டென்று இழுத்து இறுக்கும் பிரிடென்ஷனரும் வெடித்திருக்கும், பெல்ட் இறுகி நிற்கலாம். கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டை வண்டி நம்பர் வைத்துக் கேட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால், விலை பேசுவதற்கு முன்பே பேடைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், ஆனால் தெரிந்த மெக்கானிக் கையால். நிஜமான ஏர்பேக் உள்ளே இருந்தால் அதை மல்டிமீட்டர் வைத்து ஓம் பார்க்கவே கூடாது, வெடிக்கலாம்.

மாற்றுக்குப் பழைய மார்க்கெட்டில் விசாரித்தேன். "வெறும் கவர் போதுமா, ரெசிஸ்டரும் சேர்த்துத் தரவா?" என்று சாதாரணமாகக் கேட்கிறார்கள். கடைசியில் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே புது யூனிட்டும் கன்ட்ரோல் யூனிட்டும் போட்டேன். செலவு கேட்காதீர்கள்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். ஒட்டுப்போட்ட அந்த மூடியையும் ரெசிஸ்டரையும் தூக்கிப் போடாமல் கவரில் போட்டு வைத்திருக்கிறேன், சாட்சிக்கு.