முதல்ல கணக்க கேட்டாங்க, அப்புறம் தான் சண்டைய கேட்டாங்க (5க்கு 4)

தண்டையார்பேட்டைல ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல மாடில இருக்கு இந்த குடும்ப ஆலோசனை ஆபீஸ். போர்டு சின்னது, கொஞ்சம் தேடணும், படிக்கட்டு வேற இருட்டு. டைவர்ஸா வேணாமான்னு மண்டைய உடைச்சிகினு இருக்கறவங்க வக்கீலுக்கு ஃபீஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை இங்க ஏறிட்டு போங்க. ஆனா வீட்ல அடி உதை இருந்துச்சுன்னா இங்க வந்து உக்காந்து பேசிகினு இருக்காதீங்க, நேரா 181க்கு போன் போடுங்க, அத அவங்களே கதவுல எழுதி ஒட்டிருக்காங்க.

எங்க வீட்ல அவரு ஒருத்தர் சம்பாத்தியம் தான். கன்டெய்னர் யார்டுல வேலை, கைக்கு வர்றது 20 ஆயிரம். நான் எம்.சி. ரோட்டுல துணிக்கடை பில்லிங்ல இருந்தேன், சின்னவன் பொறந்ததும் நின்னுட்டேன், அதுக்கப்புறம் ஒரு நைட்டி வாங்கணும்னா கூட எதுக்கு ஏன்னு ஆயிரம் கேள்வி. எனக்குன்னு வர்றது மகளிர் உரிமைத் தொகை 1000 ரூவா தான், அதுக்கும் "உனக்கு தான் கவர்மென்ட் சம்பளம் வருதே"ன்னு நக்கல். பிரிஞ்சிடலாம்ன்ற பேச்சு வீட்ல அடிக்கடி வர ஆரம்பிச்சிடுச்சு. எனக்கு பயம், ரெண்டு புள்ளைங்கள இழுத்துகினு எங்க போறது, அம்மா வீட்ல அண்ணி மூஞ்ச பாத்துகினு எத்தினி நாள் சோறு துன்றது. அவருக்கு வேற பயம், போன்ல கண்ட வீடியோவ பாத்துட்டு பொண்டாட்டி பாதி சொத்த புடுங்கிகினு போயிடுவான்னு.

உள்ள ஒரு மேடம், பேங்க்ல ரிட்டயர் ஆனவங்க, கூட ஒரு லேடி வக்கீல். நாங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி குறை சொல்ல ரெடியா போனா, மேடம் கோடு போட்ட நீட்டு நோட்ட எடுத்து வச்சிகினு "மாசம் எவ்ளோ வருது, எங்கெங்க போவுது, சொல்லுங்க"ன்னாங்க. வாடகை 7000, சீட்டு 3000, பைக் டியூ 2800, ஸ்கூல் வேன், கேஸு, கரன்ட்டு, அவங்க அம்மாவுக்கு மாத்திரை. ஒவ்வொண்ணா எழுதிகினே வந்தவங்க ஒரு எடத்துல நின்னு "நகை அடகு கடைக்கு வட்டின்னு சொன்னீங்களே, அடகு சீட்டு யார் பேர்ல இருக்கு"ன்னு கேட்டாங்க. இவரு பேர்ல தான். நகை எங்க அம்மா போட்டது, இவரு தம்பி ஆட்டோ வாங்கறதுக்கு வச்சது. அத கேட்டதும் வக்கீலம்மா நிமிந்து பாத்து, கல்யாணத்துக்கு அம்மா வீட்ல போட்ட நகை சீதனம், அது அவங்களுது மட்டும் தான், அடகு சீட்டு யார் பேர்ல இருந்தாலும் மீட்டு குடுக்க வேண்டியது நீங்கன்னு சொன்னாங்க. இவரு ஒண்ணும் பேசல. வீட்ல நான் இத நூறு தடவ சொல்லிருக்கேன், அப்ப மட்டும் வாய் நீளும்.

பாதி சொத்து பயத்துக்கும் அங்கயே வைத்தியம் ஆச்சு. இந்து கல்யாண சட்டத்துல டைவர்ஸ் ஆனா ஆட்டோமேட்டிக்கா பாதின்னு எதுவும் கிடையாதாம், ரெண்டு பேர் வருமானம், சொத்து, கடன், புள்ளைங்க, எல்லாத்தையும் பாத்து தான் ஜீவனாம்சம் முடிவு பண்ணுவாங்களாம். 2020ல சுப்ரீம் கோர்ட் சொன்னதுல இருந்து ரெண்டு பக்கமும் வருமானம் சொத்து எல்லாத்தையும் பிரமாண பத்திரமா எழுதி குடுக்கணும், மறைக்க முடியாது, மனு போட்ட தேதில இருந்தே ஜீவனாம்சம் கணக்காகும். வக்கீலம்மா என் பக்கம் திரும்பி இன்னொண்ணும் சொன்னாங்க. புருஷன் வெளிநாட்ல சம்பாதிச்சு அனுப்புன ஒரு கேஸ்ல நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட் 2023 ஜூன்ல, வீட்டையும் புள்ளைங்களையும் பாத்துகிட்டவளோட உழைப்பும் சொத்துல பங்கு தான், அவளுக்கும் சமமா உண்டுன்னு தீர்ப்பு குடுத்துச்சாம். எனக்கு அத கேக்கும்போது கண்ணு கலங்கிடுச்சு. உடனே மேடம் நோட்ட பாத்து "அம்மா, உங்க வீட்ல பிரிக்கறதுக்கு ஒரு பைக்கும் அதோட டியூவும் தான் இருக்கு"ன்னாங்க, எனக்கே சிரிப்பு வந்துடுச்சு.

அப்புறம் அதே நோட்டுல பக்கத்துல இன்னொரு கணக்கு போட்டாங்க, பிரிஞ்சா எப்படின்னு. ரெண்டு வாடகை, ரெண்டு கேஸு, ரெண்டு அட்வான்ஸு. அட்வான்ஸ் சட்டப்படி 3 மாச வாடகைக்கு மேல வாங்க கூடாதாம், எங்க ஏரியால எந்த ஹவுஸ் ஓனர் அத கேக்கறாரு. அந்த 20 ஆயிரம் ரெண்டு வீட்டுக்கு பத்தவே பத்தாது, கூட்டி பாத்தா இவரு நாலு வேளை டீய நிறுத்துனாலும் துண்டு விழுது. பயமுறுத்தறதுக்கு சொல்லல, பிரியணும்னா நீங்க வேலைக்கு போயி கைல கொஞ்சம் சேத்துகினு பிரிங்கன்னு நேராவே சொன்னாங்க. ரெண்டு பேரும் ஒத்து போனா ஒரு வருஷம் தனியா இருந்துட்டு சேந்து மனு போடலாம், அப்புறம் 6 மாசம் டைம் குடுப்பாங்க, அதையும் கோர்ட் நெனச்சா குறைக்கலாம். ஹைகோர்ட் வளாகத்துலயே குடும்ப நல நீதிமன்றம் இருக்கு, பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு, 15100க்கு போன் பண்ணுங்க, கேஸுக்குன்னு எங்களுக்கு காசு குடுக்கணும்னு இல்லன்னு அவங்களே சொன்னது தான் எனக்கு ரொம்ப புடிச்சது. எந்த கடைல இப்படி சொல்லுவான்.

இப்ப சம்பளம் வந்ததும் என் அக்கவுன்ட்டுக்கு 2000 போட்டுடறாரு, எதுக்குன்னு கேக்க கூடாதுன்னு பேச்சு. நகைக்கு வட்டியோட அசலும் கொஞ்சம் கட்டறாரு. சண்டை நின்னுச்சான்னு கேக்காதீங்க, போன வாரம் கூட மீன் குழம்புக்கு ஒண்ணு நடந்துச்சு. ஆனா சின்னவன எல்.கே.ஜி சேத்ததும் நான் பழைய கடைல கேக்க போறேன்னு சொன்னதுக்கு முன்ன மாதிரி குதிக்கல.

ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா, ரூமுக்கு நடுவுல வெறும் ப்ளைவுட் தடுப்பு. வெளிய வெயிட் பண்றப்ப உள்ள ஒரு அம்மா அழுவறது, எவ்ளோ கடன், யாருகிட்ட வாங்குனது எல்லாமே கேக்குது, அப்ப நம்ம கதைய எத்தினி பேர் கேட்டாங்களோ. டோக்கன் சிஸ்டமும் பேஜார், 11 மணின்னு சொல்லிட்டு மத்தியானம் ஆக்கிட்டாங்க. முதல் தடவைக்கு 500, ஜிபே வாங்கறாங்க, பில் கேட்டா தான் குடுக்கறாங்க. ரெண்டு பேரும் சேந்து வரணும், தனியா போனா அரை கணக்கு தான் போட முடியும்னு திருப்பி அனுப்பறாங்க, அது ஒரு வகைல சரி தான், ஆனா புருஷன் வர மாட்டேன்னு அடம் புடிக்கறவங்க என்ன பண்ணுவாங்க. அப்புறம் முன்னாடி டேபிள்ல நம்பர் எழுதி வாங்கற பொண்ணு ரெண்டே நாள்ல போன் போட்டு இன்ஷூரன்ஸ் பாலிசி எடுங்கன்னு ஆரம்பிச்சிடுச்சு. மேடம்கிட்ட சொன்னேன், கண்டிக்கறேன்னாங்க, இன்னும் கால் வந்துகினு தான் இருக்கு, எடுக்காதீங்க.